கழுத்து நீண்ட 49 பேர்!

நைஜர் வேறு, நைஜீரியா வேறு. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது பாராவில் யாராவது ஒருத்தர், "அதான் சார்... ஃபுட்பால்ல வெளுத்துக் கட்டுவாங்களே, அவங்கதானே?" என்று ஆரம்பித்துவிடுவார். ஃபுட்பால்காரர்கள் நைஜீரியா. மேப்பில் அவர்கள் தலைக்கு மேல் மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்பது நைஜர். இரண்டுக்கும் பேர் கொடுத்தது ஒரே நதி. அதனால்தான் இந்தக் குழப்பம்.

மேப்பில் பார்க்க நைஜர் ஒன்றும் சின்ன நாடு இல்லை. இந்தியாவில் ஐந்தில் இரண்டு பங்கு சைஸ். ஆனால், பெரும்பகுதி சஹாரா. கடல் கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் 1960-ல் மூட்டை கட்டிக்கொண்டு போனதற்கப்புறம் ஐந்து தடவை (1974, 1996, 1999, 2010, 2023) ராணுவம் ஆட்சியைப் பிடித்திருக்கிறது. ஐ.நா. சபை வருடா வருடம் நாடுகளுக்கு ராங்க் போடுகிறதே, அதில் நைஜருக்கு நிரந்தரமாகக் கடைசி பெஞ்ச்!

இப்படிப்பட்ட நாட்டில் 1996-ல் ஒரு தலை எண்ணிக்கை நடந்தது. மனிதத் தலை இல்லை. தரையிலிருந்து பதினெட்டு அடி உயரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் தலை. எண்ணிப் பார்த்தால்... 49!

மேற்கு ஆப்பிரிக்க ஒட்டகச்சிவிங்கி என்று ஒரு தனி வகை. ஒரு காலத்தில் செனகல் பக்கத்திலிருந்து சாட் ஏரிப் பக்கம் வரைக்கும் பல நாடுகளில் ஹாயாக மேய்ந்து கொண்டிருந்தது. துப்பாக்கி வந்தது, வறட்சி வந்தது, காடு வயலானது. ஒவ்வொரு நாடாகக் காலியாகி, கடைசியில் உலகத்திலேயே மிச்சம் இருந்தது அந்த 49 தான். ஒரு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து போகிற கூட்டம்! (கழுத்தை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்ட வேண்டியிருக்கும்.)

"அதனாலென்ன, ஏதாவது 'ஜூ'வில் நாலைந்து இருக்குமே?" என்று கேட்பீர்கள். ஐரோப்பியர்களும் அப்படித்தான் நிம்மதியாக இருந்தார்கள். அங்கே சில மிருகக்காட்சி சாலைகளில் 'மேற்கு ஆப்பிரிக்க ஒட்டகச்சிவிங்கி' என்று போர்டே மாட்டி வைத்திருந்தார்கள். 2007-ல் விஞ்ஞானிகள் மரபணுவைச் சோதித்துப் பார்த்தபோது குட்டு உடைந்தது. அவையெல்லாம் மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த கோர்டோஃபான் வகையாம்! ஆக, எங்கேயும் ஜெராக்ஸ் காப்பி கிடையாது. ஒரிஜினல் மட்டும்தான். அதுவும் நைஜரில் மட்டும்தான்.

அசல் ஆசாமியை அடையாளம் கண்டுபிடிப்பது எப்படி? உடம்பில் திட்டுகள் கொஞ்சம் வெளிறிப் போயிருக்கும். முழங்காலுக்குக் கீழே திட்டே இருக்காது. யூனிஃபார்முக்கு வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி.

பெயர் விஷயத்தில் ஒரு சுவாரஸ்யம். நாம் ஒட்டகம் பாதி, சிவிங்கி பாதி என்று கலந்து கட்டி ஒரு பேர் வைத்தோம். கிரேக்கர்களும் சொல்லி வைத்த மாதிரி 'ஒட்டகம் - சிறுத்தை' என்றுதான் வைத்தார்கள். நைஜரில் நிறையப் பேர் பேசுகிற ஹௌஸா மொழியில் 'காட்டு ஒட்டகம்'. மூன்று இடத்திலும், பார்த்தவர்களுக்கு முதலில் ஞாபகம் வந்தது ஒட்டகம்தான். அந்தக் கழுத்தைப் பார்த்தால் வேறு எது வரும்? அந்தக் கழுத்துக்குள் எத்தனை எலும்பு தெரியுமா? ஏழு. உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அதே ஏழு! நமக்கு இஞ்ச் கணக்கில் கொடுத்த ஆண்டவன், அதற்கு அடிக்கணக்கில் கொடுத்துவிட்டான்.

நைஜரின் வடக்கே ஆயிர் மலைப் பக்கம் தாபூஸ் என்று ஓர் இடம். சுற்றிலும் பாலைவனம். அங்கே ஒரு பாறையில் இரண்டு ஒட்டகச்சிவிங்கிகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பெரியது 5 மீட்டருக்கு மேல். அதாவது, அச்சு அசல் லைஃப் சைஸ்! செதுக்கிப் பல ஆயிரம் வருஷமாகிறது. அந்தக் காலத்தில் சஹாரா பச்சைப் பசேலென்று புல்லும் ஏரியுமாக இருந்தது. ஒட்டகச்சிவிங்கி அங்கே ஜன்னலைத் திறந்தால் தெரிகிற பிராணி. சிற்பத்தில் அதன் மூக்கிலிருந்து ஒரு கோடு இறங்கி, கீழே ஒரு குட்டி மனித உருவத்தில் போய் முடிகிறது. கயிறா, மந்திரமா, சும்மா கிறுக்கலா என்று ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். எப்படியிருந்தாலும், மனுஷனுக்கும் அதற்கும் நடுவே ஏதோ ஒரு பிடி இருக்கிறது என்று அன்றைக்கே ஒருத்தன் பாறையில் எழுதி வைத்துவிட்டான்.

சரி, 49-க்கு வருவோம்.

அவை இருந்த இடத்தின் பேர் கூரே. தலைநகர் நியாமேயிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். 1980-களில் வறட்சிக்கும் வேட்டைக்கும் பயந்து, மாலி எல்லைப் பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இங்கே வந்து சேர்ந்த அகதிகள். கூரே என்றதும் வேலி, கேட், வாச்மேன் என்று ஒரு சரணாலயத்தைக் கற்பனை செய்யாதீர்கள். ஒன்றும் கிடையாது. கிராமம், வயல், மாடு, ஆடு, கழுதை வண்டி, நடுவே ஒட்டகச்சிவிங்கி. அவ்வளவுதான்! நியாமேயிலிருந்து கிழக்கே போகிற நேஷனல் ஹைவே வேறு இந்தப் பக்கமாகத்தான் போகிறது. ராத்திரியில் லாரி டிரைவர் பாடு திண்டாட்டம். ஒட்டகச்சிவிங்கி பாடு அதைவிடத் திண்டாட்டம்.

கூரே மேட்டு நிலத்துப் புதர்க்காட்டுக்குப் 'புலிப் புதர்' என்று பேர். பயப்படாதீர்கள், ஆப்பிரிக்காவில் புலியே கிடையாது. விமானத்திலிருந்து பார்த்தால் ஒரு பட்டை செடி, ஒரு பட்டை கட்டாந்தரை, மறுபடி ஒரு பட்டை செடி என்று புலித்தோலை விரித்த மாதிரி தெரியும். இதில் ஒரு இயற்கைத் தந்திரம் இருக்கிறது. பெய்கிற மழை எல்லாச் செடிக்கும் பங்கு வைக்கிற அளவுக்குப் போதாது. கட்டாந்தரையில் விழுகிற தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் லேசான சரிவில் ஓடி, அடுத்த செடிப் பட்டையில் போய்த் தேங்கிவிடும். இரண்டு பட்டைக்கு விழுகிற தண்ணீரை ஒரு பட்டை குடித்து உயிர் வாழ்கிறது. மழைக்காலத்தில் ஒட்டகச்சிவிங்கிகளுக்கு இங்கேதான் சாப்பாடு. வெயில் காலம் வந்ததும் தல்லோல் போஸோ என்கிற பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடும்.

இந்தப் புதரையும் விட்டுவைக்க முடியவில்லை. நியாமேயில் பத்து லட்சத்துக்கு மேல் ஜனம். பெரும்பாலான வீட்டில் விறகடுப்பு. அந்த விறகு எங்கிருந்து வரும்? கூரே மாதிரி இடங்களிலிருந்துதான். வெட்டி விற்கிறவனைக் குற்றம் சொல்லிவிடலாம், சுலபம். வருஷத்தில் ஒரே ஒரு போகம் கம்பு விளைகிற ஊரில், மிச்ச மாதங்களுக்கு அவன் என்ன செய்வான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கம்பு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தீர்களா? நைஜர்க்காரரின் அன்றாடச் சாப்பாடு கம்புதான். கம்புக்கு ஊடே காராமணியும் போடுவார்கள். இந்த இரண்டுமே ஆப்பிரிக்காவில் பிறந்து, 3,000 வருஷத்துக்கும் முன்பே இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பயிர்கள். நம் பாட்டிமார் கிண்டிய கம்பங்கூழுக்கு மேற்கு ஆப்பிரிக்காதான் பிறந்த வீடு!

ஒட்டகச்சிவிங்கிக்கும் காராமணி என்றால் உயிர். ஒன்றரை அடி நாக்கு. அறுவடை நேரத்தில் வயலில் புகுந்தால் விவசாயிக்குப் பட்டை நாமம். நம்மூர் ஆபீஸில் நமக்கு டி.ஏ. இரண்டு சதவிகிதம் குறைந்தால் கேட் மீட்டிங் போட்டு வாழ்க-ஒழிக கோஷம் போடுகிறோம். கூரே விவசாயியின் ஒரு வருஷக் காராமணியை ஒரு பிராணி நின்ற நிலையில் மென்று தீர்க்கிறது. அவர் கையில் கம்பு இருக்கிறது (இது வேறு கம்பு!), கல் இருக்கிறது, சில வீட்டில் துப்பாக்கியும் இருக்கும். ஆனாலும், பெரும்பாலும் துரத்துவதோடு சரி.

ஏன்?

சட்டம் ஒரு காரணம். ஒட்டகச்சிவிங்கியைக் கொன்றால் ஜெயில். ஆனால், சட்டம் எல்லா நாட்டிலும்தான் இருக்கிறது, அதன் லட்சணம் உங்களுக்குத் தெரியும். முக்கியமான காரணம் வேறு. 1990-களில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்களும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். பார்க்க வருகிற டூரிஸ்ட்டுக்கு டிக்கெட். கூட ஒரு உள்ளூர் கைடு கட்டாயம். கைடு வேலை கிராமத்து வாலிபர்களுக்கு. கிராமத்துப் பெண்களுக்கு ஆடு வாங்கி வளர்க்கச் சின்னச் சின்னக் கடன். 'ஒட்டகச்சிவிங்கி இருக்கிற வரைக்கும் இது வரும்' என்று புரிந்தது. பணம் கொட்டியது என்று நினைக்காதீர்கள். மிகவும் சொற்பம். அந்தச் சொற்பத்துக்கே காராமணி நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஜனங்கள் பொறுத்தார்கள். ஜனாதிபதிகள் பொறுக்கவில்லை!

1996-ல் ராணுவப் புரட்சி செய்து நாற்காலியில் உட்கார்ந்தவர் இப்ராஹிம் பாரே மைநாஸாரா. பக்கத்து நாட்டு ஜனாதிபதிகளோடு சிநேகம் பிடிக்க வேண்டும். என்ன பரிசு கொடுக்கலாம் என்று யோசித்தார். பொன்னாடையும் பூச்செண்டும் தோன்றவில்லை. புர்கினா ஃபாஸோவுக்கு ஒரு ஜோடி, நைஜீரியாவுக்கு ஒரு ஜோடி ஒட்டகச்சிவிங்கி என்று முடிவு செய்துவிட்டார். வன இலாகா பிடித்துத் தர மறுத்தது. உடனே பட்டாளத்தை அனுப்பினார். ஒட்டகச்சிவிங்கியை ஜீப்பில் துரத்திக் கயிறு போட்டுப் பிடிப்பது என்பது, கண்ணாடி ஜாடியைக் கிரிக்கெட் பந்து மாதிரி கேட்ச் பிடிக்கிற வேலை. இருந்ததே அறுபதுக்குக் குறைவு. அதில் 20-க்கு மேல் செத்தன. நாலு பரிசுக்காக!

1999-ல் பாரேயை நியாமே விமான நிலையத்தில் அவருடைய சொந்தக் காவலர்களே சுட்டுக் கொன்றார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதோடு புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2002-ல் அடுத்த ஜனாதிபதி மமாதூ தாஞ்ஜா, டோகோ நாட்டு ஜனாதிபதிக்கு ஒரு ஜோடி என்று கிளம்பினார். மறுபடியும் துரத்தல். பிடிபட்டதில் ஒன்று வழியிலேயே செத்தது. இன்னொன்று போய்ச் சேர்ந்து செத்தது.

முறையாகப் பிடிப்பது எப்படி என்று தெரிந்தால்தான் இந்த அநியாயம் புரியும். ஒட்டகச்சிவிங்கியின் இதயம் சுமார் 11 கிலோ. ரத்த அழுத்தம் நம்மைப் போல இரண்டு மடங்கு. அவ்வளவு உயரத்துக்கு ரத்தத்தை ஏற்ற வேண்டுமே, ஓவர்ஹெட் டேங்க் மோட்டார் மாதிரி! மயக்க ஊசி போட்டு அது பாட்டுக்குக் கிடக்க விட்டால் மூச்சுத் திணறியோ, வயிற்றிலிருப்பது தொண்டைக்கு வந்து அடைத்தோ உயிர் போய்விடும். அதனால் ஊசி போட்டுக் கீழே விழ வைத்த மறு நிமிஷமே மாற்று ஊசி. அது தெளிவதற்குள் ஆட்கள் கழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்து அமுக்கி, கண்ணைக் கட்டி, காதில் பஞ்சு அடைத்து, கயிறு மாட்டிவிட வேண்டும். அப்புறம் அது சொந்தக் காலில் எழுந்து, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி மெதுவாக நடந்து லாரியில் ஏற வேண்டும். ஒரு உதை வாங்கினால் ஆள் காலி. சிங்கத்தையே கொன்றுவிடுகிற உதை அது.

இப்படி ஒழுங்காகப் பிடித்து, 2018-ல் எட்டு ஒட்டகச்சிவிங்கிகளை லாரியில் ஏற்றி 800 கிலோமீட்டருக்கு மேல் கூட்டிக்கொண்டு போனார்கள். கடாபெஜி என்கிற வனப்பகுதிக்கு. அங்கே ஒட்டகச்சிவிங்கி நின்று சுமார் 50 வருஷமாகியிருந்தது. 2022-ல் இன்னும் நாலு. எல்லாரும் ஒரே கிராமத்துப் பக்கம் இருந்து, அங்கே ஏதாவது நோயோ கலவரமோ வந்தால் மொத்தமும் போய்விடும் என்கிற பயம்தான் காரணம். பரிசாகக் கொடுக்கப் பிடித்ததற்கும், பிழைக்க வைக்கப் பிடித்ததற்கும் இருக்கிற வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

அந்த 49 என்ன ஆயிற்று?

பெருகின. கூரேயில் சிங்கம் கிடையாது. வேட்டையும் அடங்கியது. பதினைந்து மாதம் சுமந்து, நின்றுகொண்டே பிரசவம் பார்க்கிற ஜாதி. குட்டி ஆறடி உயரத்திலிருந்து தரையில் 'பொத்'தென்று விழும். அதுதான் அதற்கு உலகம் கொடுக்கிற முதல் வரவேற்பு. ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். வருஷா வருஷம் ஆட்கள் போய் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துக் கணக்கெடுத்தார்கள். நம் கைரேகை மாதிரி அதற்குத் திட்டு. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. ஆபீஸ் மஸ்டர் ரோல்தான், ஆனால் பக்கத்து சீட்காரனுக்காக ப்ராக்ஸி கையெழுத்து போட முடியாது! 2018 வாக்கில் எண்ணிக்கை 600-ஐத் தாண்டியிருந்தது. கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். வருஷத்துக்குச் சுமார் 12 சதவிகிதம், கூட்டு வட்டி. எந்த பேங்க்கிலும் இருபத்திரண்டு வருஷத்துக்கு அந்த ரேட் கிடைத்திருக்காது. உலக அபாயப் பட்டியலிலும் அந்த வருஷம் இதற்கு ஒரு படி நிம்மதி கிடைத்தது.

இத்தோடு முடித்தால் நல்ல கதை.

2020 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை. நியாமேயில் வேலை பார்த்த சில பிரெஞ்சு இளைஞர்கள், பையன்களும் பெண்களுமாக ஆறு பேர், லீவு நாளில் ஒட்டகச்சிவிங்கி பார்க்கக் கிளம்பினார்கள். ஒரு நிவாரணத் தொண்டு நிறுவனத்தில் வேலை. உங்கள் வயசு இருக்கும். கூடவே நைஜர் டிரைவர். கூரேயில் ஒரு கைடு ஏறிக்கொண்டார். கைடுகள் சங்கத்துக்கே தலைவர் அவர். பாதுகாப்பான இடம் என்று பேர் வாங்கிய கூரே. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் வருகிற இடம்.

மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். எட்டுப் பேரையும் கொன்றுவிட்டு, வண்டியைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். இஸ்லாமிக் ஸ்டேட் கும்பல் பிறகு பொறுப்பேற்றுக்கொண்டது.

உலகப் பத்திரிகைகளில் ஆறு பிரெஞ்சுப் பேர்கள் முதலில் வந்தன. அது இயல்புதான். டிரைவரும் கைடும் பெரும்பாலும் கடைசி வரியில் வந்தார்கள். அந்தக் கைடு மாதிரி ஆட்கள் காராமணி தின்கிற மிருகத்தை ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பக்கத்து வயல்காரரிடம் வருஷக்கணக்காகப் பேசிப் பேசி ஒப்புக்கொள்ள வைத்தவர்கள். வன இலாகாவின் ஒரு பட்டாலியன் வந்தாலும் செய்ய முடியாத வேலை அது.

அரசாங்கம் கூரேயை மூடியது. அந்த வட்டாரம் முழுக்க நெருக்கடி நிலை. வெளிநாட்டுக்காரன் நியாமேயை விட்டு வெளியே வரவே யோசித்தான். 2023 ஜூலையில் மறுபடி ராணுவ ஆட்சி, வருஷக் கடைசியில் பிரெஞ்சு ராணுவமும் கிளம்பிப் போயிற்று. கைடு வேலை பார்த்த வாலிபனுக்கு மிஞ்சியது கம்பு வயல். இல்லாவிட்டால் கோடாரியும் விறகும்.

ஒட்டகச்சிவிங்கிக்கு இதெல்லாம் தெரியாது. மழை நின்று, காராமணி காய் பிடிக்கிற மாதத்தில், பொழுது சாய்கிற நேரத்துக்கு நாலைந்து வெள்ளை சாக்ஸ் ஆசாமிகள் வயல் ஓரத்தில் வந்து நிற்கும். டிக்கெட் கவுன்ட்டர் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டா வரும்? நேரே நாக்கை நீட்டும். எதிரே விவசாயி, கையில் ஒரு கல்லோடு!